அப்பப்பா 'ஹைஃப்ளையரில்' இருந்தவராம்: யுத்தகாலச் சேவைப் பதிவை எங்கே தேடுவது?

உப்புவெளிப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலைப் பக்கத்தில் பழைய பதிவுகள் தேடிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவி.

என் அப்பப்பா இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நேவியில் இருந்தவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவர் மோசம் போனது 1971 இல். அப்பா அப்போது சின்னப் பிள்ளை, ஒன்றும் கேட்டு வைக்கவில்லை. 1990 இல் வீட்டை விட்டு ஓடினபோது ஆல்பம், புத்தகம், உறுதி எல்லாமே போய்விட்டன. மாமி கையோடு கொண்டுபோன ஒரு பிஸ்கட் டின் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதற்குள் ஒரு படம். வெள்ளை உடுப்பு, வட்டத் தொப்பி, தொப்பி நாடாவில் 'எச்.எம்.எஸ்.' என்று மட்டும் இருக்கிறது. கப்பல் பெயர் இல்லை. இடது கையில் ஒரு நங்கூரம் தைத்திருக்கிறது. ஒரு பதக்கமும் உண்டு. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் இரண்டு தலையுள்ள ஒரு மிருகத்தின் மேல் சிங்கம் நிற்கிறது. விளிம்பில் பெயரோ இலக்கமோ கிடையாது. அப்புறம் நாலாக மடித்த ஒரு கடுதாசி. மடிப்பில் கிழிந்து, பாதி மை ஊறிப்போய்விட்டது. 'ஹைஃப்ளையர்' என்ற முத்திரை தெரிகிறது, 1943 என்றும் 1946 என்றும் இரண்டு வருடங்கள் தெரிகின்றன.

பெரியப்பா சொல்வார், ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கித் தாண்டபோது அப்பப்பா நீந்தித் தப்பினவர் என்று. ஹைஃப்ளையர் என்பது எந்தக் கப்பல்? எந்தக் கடலுக்குப் போனது? யாருக்கு எழுதினால் அவருடைய பதிவு கிடைக்கும்?

ஓர்ஸ்ஹில் டீச்சர்:

தம்பி, ஹைஃப்ளையர் கடலுக்கே போகவில்லை. அது எங்கள் ஊரில் இருந்த கரைத் தளம். பிரித்தானியக் கடற்படையில் கரையில் இருக்கிற முகாமுக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். திருகோணமலைத் தளம் ஹைஃப்ளையர், கொழும்பில் இருந்தது லங்கா, சீனக்குடாவில் கடற்படை விமானத் தளம் பம்பாரா. இந்த மூன்று பெயரையும் 'அப்பப்பா போன கப்பல்' என்று நினைத்துக்கொண்டு தேடுகிற குடும்பங்களை எத்தனையோ கண்டிருக்கிறேன். கடுதாசியில் அந்த முத்திரை இருந்தால், அவருடைய பெயர் அந்தத் தளத்தின் கணக்கில் இருந்தது என்று அர்த்தம். வேலை கப்பல் திருத்தும் டொக்யார்டிலோ, துறைமுகத்துக்குள் ஓடிய படகிலோ, சிக்னல் நிலையத்திலோ எங்கேயும் இருந்திருக்கலாம்.

லண்டனுக்கு எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: அவரை வேலைக்கு எடுத்தது யார்? அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் 'நேவியில் இருந்தார்' என்ற ஒரே பேச்சுக்குள் பல வகை ஆட்கள் இருந்தார்கள். நேரே பிரித்தானியக் கடற்படையின் கீழ் இருந்தவர்கள் ஒரு பக்கம். இலங்கை அரசாங்கம் 1938 ஜனவரியில் தொடங்கிய தொண்டர் கடற்படையில் சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். அந்தத் தொண்டர் படைதான் 1943 இல் பிரித்தானியக் கடற்படையின் கீழ் போய், இலங்கைக் கடற்படைத் தொண்டர் ஒதுக்குப்படை ஆனது. டொக்யார்டில் சிவில் வேலை பார்த்தவர்கள் வேறு. திருகோணமலைக் கோட்டையிலும் ஒஸ்டன்பேர்க் கோட்டையிலும் பீரங்கி வைத்திருந்தவர்கள் வேறு. அது கடற்படையே இல்லை, தரைப்படைப் பீரங்கிப் பிரிவு. ஒவ்வொன்றின் கடுதாசியும் ஒவ்வொரு அலுமாரியில் கிடக்கிறது.

உங்கள் கடுதாசியில் 1943 என்று தொடங்குவதை நான் கவனமாகப் பார்ப்பேன்.

கியூ வாசகன்:

டீச்சர் சொன்னதோடு சேர்த்து, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். கியூவில் இருக்கும் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கடி போவேன்.

முதலில் படம். தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாததைக் கண்டு மனம் சலிக்க வேண்டாம். யுத்தக் காலத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட்டு 'எச்.எம்.எஸ்.' என்று மட்டும் போட்டார்கள். ஆகவே அந்தப் படம் பெரும்பாலும் 1939க்கும் 1945க்கும் இடையில் எடுத்தது. இடது கையில் ஒற்றை நங்கூரம் என்றால் 'லீடிங்' தரம். சாதாரண மாலுமிக்கு ஒரு படி மேலே, பெட்டி ஒஃபிசருக்கு ஒரு படி கீழே. நங்கூரத்துக்குக் கீழே 'வி' வடிவப் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டி என்றால் மூன்று வருட நன்னடத்தைச் சேவை. ஒன்றுமே இல்லையென்றால் சேர்ந்து மூன்று வருடம் ஆகுமுன் எடுத்த படமாக இருக்கலாம். இன்னொன்று, வட்டத் தொப்பியும் அகலக் கொலரும் மாலுமி உடுப்பு. கிளார்க், சமையல், ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு முன்விளிம்பு வைத்த தொப்பியும் கோட்டும் டையும். உங்கள் அப்பப்பா மேசை வேலைக்காரர் இல்லை என்று படமே சொல்கிறது.

பதக்கம் 1939–45 யுத்தப் பதக்கம். இரண்டு தலை மிருகம் ஒரு டிராகன். 28 நாள் முழுநேரச் சேவை செய்த எல்லாருக்கும் கொடுத்தது. விளிம்பு வெறுமையாக இருப்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இரண்டாம் யுத்தப் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் இருக்கும். முதலாம் யுத்தப் பதக்கம் என்றால் விளிம்பில் இலக்கம், பெயர், பிரிவு மூன்றும் இருக்கும். வீட்டில் பூட்டன் காலத்துப் பதக்கம் வைத்திருப்பவர்கள் அதைத் துலக்கித் துலக்கி விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

இந்தப் பதக்கம் மட்டும் இருக்கிறது, நட்சத்திர வடிவப் பதக்கம் எதுவும் இல்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட வேண்டாம். இடம்பெயர்வில் எது தொலைந்தது, எது விற்றுப் போனது என்று யாருக்குத் தெரியும்.

கல்லடிக்காரன்:

ஹெர்மீஸ் பற்றி ஒரு வார்த்தை. நான் மட்டக்களப்பு, அந்தக் கப்பல் எங்கள் கடலில்தான் கிடக்கிறது.

ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9 காலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து ஹெர்மீஸும் அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டுத் தெற்கே வந்தன. அப்படியிருந்தும் மட்டக்களப்புக்கு நேரே கண்டுபிடிக்கப்பட்டு இரண்டும் தாண்டுபோயின. ஹெர்மீஸில் மட்டும் 307 பேர் போனார்கள். தப்பியவர்களில் சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது.

உங்கள் கடுதாசி 1943 இல் தொடங்குகிறது, கப்பல் போனது 1942 இல். இரண்டும் பொருந்தவில்லை. பெரியப்பா சொன்னதை பொய் என்று சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் அந்த நாளைப் பற்றியே பேசியிருப்பார்கள், பேச்சுவாக்கில் 'கண்டார்' என்பது 'இருந்தார்' என்று மாறியிருக்கும். மாமி உயிரோடு இருந்தால் ஹெர்மீஸ் என்ற பெயரை எடுக்காமல் கேளுங்கள்: 'குண்டு போட்ட அன்று அப்பு எங்கே நின்றவர்?'

கிண்ணியா நஸ்ரின்:

இதையே நானும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். என் மூத்தாப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். பதக்கம் இல்லை, உடுப்பு இல்லை, படமும் இல்லை. 'டொக் தாண்ட அன்று நான் அதில்தான் நின்றேன்' என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எந்த டொக், எப்போது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு ஏதாவது பதிவு இருக்குமா?

சரித்திர ஆர்வலன்:

டொக்யார்ட் கூலிகள் படையினர் இல்லையே. அவர்களைப் படைப் பதிவில் தேடுவது வீண் வேலை. இந்த இழை படைச்சேவையைப் பற்றியது.

ஓர்ஸ்ஹில் டீச்சர்:

படைப் பதிவில் பெயர் இருக்காது என்பது சரி. ஆனால் தேடுவது வீண் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பியதும், அடிபட்டு வந்ததைத் திருத்தியதும், குண்டு விழுந்த மறுநாள் திரும்ப வேலைக்குப் போனதும் யார்? இந்த ஊர் ஆட்களும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த ஆட்களும்தான். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக அவர்களுடைய யுத்தம் இல்லாமல் போகாது.

நஸ்ரின் மகள், உங்கள் மூத்தாப்பா சொன்ன நாளுக்குத் திகதி இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8. திருகோணமலையில் மிதக்கும் டொக் ஒன்று இருந்தது, 23 ஆம் இலக்கம். வலியன்ட் என்ற பெரிய போர்க்கப்பலைத் திருத்துவதற்காகத் தூக்கியபோது டொக் முறிந்து தாண்டது. கப்பலும் மோசமாகச் சேதப்பட்டது. ஆகவே 1944 ஆகஸ்டில் அவர் டொக்யார்ட் ஆள், அதுவும் மிதக்கும் டொக்கில் வேலை. ஒரு வாய்வார்த்தையிலிருந்து ஒரு திகதியும் ஒரு வேலையிடமும் கிடைத்துவிட்டது பாருங்கள். அந்த விபத்தைப் பற்றிய கடற்படை அறிக்கைகள் கியூவில் 'ஏ.டி.எம்.' (ADM, கடற்படைத் தலைமையகக் கோவைகள்) என்று தொடங்கும் வரிசைகளில்தான் தேட வேண்டும். அவருடைய பெயர் அதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவர் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்று தெரிய வரும்.

வீட்டில் தேட வேண்டியவை: டொக்யார்ட் பாஸ், சம்பளத் துண்டு, வெள்ளைக்கார அதிகாரி எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம். 1957 ஒக்டோபர் 15 இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். அந்த நேரத்தில் வேலை விட்டு நின்றவர்கள் பலர் கடுதாசியோடு வந்தார்கள். சில வீடுகளில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள்.

கிண்ணியா நஸ்ரின்:

டீச்சர், வாசித்துவிட்டு வாப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு 'அது எங்கட வாப்பா சொன்ன அதே கதைதான்' என்றார். மாமாவின் வீட்டில் ஒரு பழைய பாஸ் இருந்ததாம், கேட்டு எழுதுகிறேன்.

தம்பலகாமத்தான்:

நான் வேறு பக்கத்தால் வருகிறேன். என் அப்பாவின் பெரியப்பா யுத்தத்துக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே போனார் என்றும் வீட்டில் தெரியாது. 'எகிப்துப் பக்கம்' என்பார்கள்.

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில் கண்டுபிடித்தேன், இலவசம். 1939 செப்டெம்பர் 3 இலிருந்து 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். குண்டு பட்டுச் செத்திருக்க வேண்டும் என்றில்லை, காய்ச்சலில் போனவர்களும் வாகனம் புரண்டு போனவர்களும் உண்டு. பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. கிளார்க் காதில் விழுந்தபடி எழுதின பெயர், எங்கள் எழுத்துக்கூட்டலுக்குக் கிட்டவும் இல்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் விபரம் என்ற கட்டத்தில் 'திருகோணமலை' என்று ஊரின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடினேன். 'இன்னாரின் மகன், திருகோணமலை' என்று பெற்றோர் பெயரோடு வந்தது. தகப்பன் பெயரைக் கண்டதும்தான் இவர் எங்கள் ஆள் என்று உறுதியானது. மத்திய கிழக்குக்குப் போன பிரித்தானியத் தரைப்படைப் போக்குவரத்துப் பிரிவில் சாரதியாக இருந்திருக்கிறார். சேவை இலக்கத்துக்கு முன்னால் 'டி' (T) என்ற எழுத்தும் ஒரு சாய்கோடும் இருந்தால் அந்தப் பிரிவின் போக்குவரத்து ஆள்.

நிலாவெளி ரோட்டில் இருக்கிற யுத்தக் கல்லறையையும் சும்மா வெள்ளைக்காரர் இடம் என்று கடந்து போகாதீர்கள். ஒருமுறை நடந்து பெயர்களைப் பாருங்கள். எங்கெங்கேயோ இருந்து வந்து எங்கள் ஊரில் செத்த சின்னப் பெடியன்கள், பத்தொன்பது, இருபது வயது. எங்கள் ஆள் வேறொரு நாட்டு மணலில் கிடக்கிறாரே என்று நினைத்தபோது அங்கே நிற்கவே முடியவில்லை.

உப்புவெளிப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. மாமியிடம் கல்லடி அண்ணா சொன்ன மாதிரியே கேட்டேன். அவ சொன்னது: 'அப்பு அன்று டொக்யார்ட் கேற்றுக்குள்ள. துறைமுகத்துக்குள்ள ஒரு கப்பல் நாள்முழுக்க எரிஞ்சதாம். எண்ணெய்க் குதமும் எரிஞ்சதாம். பின்னேரம் கால்நடையா கன்னியாப் பக்கம் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர்.' ஹெர்மீஸ் என்ற பெயரையே அவ எடுக்கவில்லை.

கடுதாசியை இருட்டு அறையில் வைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். மை போன இடத்தில் பேனை அழுத்திய தடம் இருந்தது! சேவை இலக்கத்தில் கடைசி நாலு எண்ணும் தெளிவு. முன்னால் இருப்பது பி, சி, டி (P, C, D) எதுவும் இல்லை, நீளமாக ஏதோ. 'நடத்தை' என்ற இடத்தில் மிக நன்று என்று இருக்கிறது. அவருடைய பெயர் தலைகீழாக, தகப்பன் பெயர் பின்னால் வராமல் அவருடைய பெயரே குடும்பப் பெயர் மாதிரி எழுதியிருக்கிறது.

கல்லடிக்காரன்:

எரிந்த கப்பல் சகாயிங் ஆக இருக்க வேண்டும். ஏப்ரல் 9 தாக்குதலில் துறைமுகத்துக்குள் தீப்பிடித்தது, பிறகு அங்கேயே ஆழ்த்திவிட்டார்கள். 2018 இல் நமது கடற்படை அதைத் தூக்கியது, படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எண்ணெய்க் குதம் சீனக்குடாவில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்தது. மாமியின் சாட்சி அச்சொட்டாகப் பொருந்துகிறது. 1942 இல் டொக்யார்டில் இருந்துவிட்டு 1943 இல் உடுப்புப் போட்டிருக்கிறார் போல.

கியூ வாசகன்:

அருமை தம்பி. பி, சி, டி என்பவை போர்ட்ஸ்மத், சட்டம் (Chatham), டெவன்போர்ட் என்ற இங்கிலாந்துத் தளங்களின் எழுத்துகள். அவை இல்லையென்றால் உள்ளூரில் சேர்ந்தவராக இருக்கவே இடம் அதிகம். 1943 இல் தொடங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் நான் முதலில் தொண்டர் ஒதுக்குப்படை என்று வைத்துக்கொண்டு தேடுவேன்.

லண்டன் பக்கம் இப்போது நிலைமை இப்படி. பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த பழைய படையினர் கோவைகளைக் கியூவுக்கு மாற்றும் வேலை 2022 இல் தொடங்கியது, மொத்தம் 97 இலட்சம் அளவு. பிறந்து 115 வருடம் ஆகாதவரின் கோவை, இறந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் திறக்கும். ஆகவே மரண அத்தாட்சிப்பத்திரம் கையில் இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். மாமியின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி ஒன்று சமாதான நீதவான் முன் முடித்து வையுங்கள். விண்ணப்பத்தில் பெயரை ஒரு வடிவத்தில் மட்டும் எழுதாதீர்கள். கடுதாசியில் உள்ளது, மரணப் பத்திரத்தில் உள்ளது, தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக வைத்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இலக்கத்தின் அந்தக் கடைசி நாலு எண்ணும் பெயரை விடப் பெறுமதி.

யுத்த நாட்குறிப்புகளில் சாதாரண மாலுமியின் பெயர் வருவது அரிது. அதிகாரி என்றால் கடற்படைப் பட்டியலில் வரும், ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகம் அவற்றை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்கு அது உதவாது, வேறு யாருக்காவது உதவும்.

ஓர்ஸ்ஹில் டீச்சர்:

கொழும்பை மறக்க வேண்டாம். தொண்டர் படை இலங்கை அரசாங்கம் தொடங்கியது, அதே மாதிரி இலங்கைப் பாதுகாப்புப் படையும். லண்டனில் இல்லை என்று பதில் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் கூடத்தில் அந்த வருடங்களின் வர்த்தமானிகளும் பத்திரிகைகளும் இருக்கின்றன. அதிகாரி நியமனங்கள் வர்த்தமானியில் வரும். வீரகேசரி, தினகரன், ஈழகேசரி அந்த நாட்களில் வந்துகொண்டிருந்தவை. ஈழகேசரியை நூலகம் இணையத்தளத்திலேயே வீட்டிலிருந்து புரட்டலாம். ஊர்ப் பெயரைக் கண்ணில் வைத்துக்கொண்டு 1942 இன் ஏப்ரல், மே இதழ்களைப் பாருங்கள்.

பீரங்கிப் படையில் இருந்தவர்களின் வீட்டார் இதைப் படித்தால் ஒன்று. கொக்கோஸ் தீவில் 1942 மே மாதம் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தார்கள், அவர்களில் மூவரைப் பிரித்தானியர் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிரிவைப் பற்றி வீட்டில் பேசாமல் விட்டவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பேசாமல் இருந்தார் என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, கேளுங்கள்.

கிண்ணியா நஸ்ரின்:

பாஸ் கிடைத்தது! மாமா வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சின்ன மட்டை, மூலையில் துளை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பெருவிரல் அடையாளம் அப்படியே இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'ரிகர்' என்று எழுதியிருக்கிறது. கூலி இல்லை, கயிறும் கம்பியும் பாரம் தூக்குவதும் தெரிந்த கைவினைஞர். ஆர்வலன் நானா, இதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சரித்திர ஆர்வலன்:

பார்த்தேன் தங்கச்சி. அந்த மட்டையைப் பிளாஸ்டிக்கில் சுட்டு ஒட்டிவிடாதீர்கள், வெப்பத்தில் மை போய்விடும். அமிலமில்லாத கடுதாசி உறையில் வையுங்கள், இரண்டு பக்கமும் நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

உப்புவெளிப் பேரன்:

மரணப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அது வந்ததும் லண்டனுக்கும் கொழும்புக்கும் ஒரே நேரத்தில் எழுதுகிறேன். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது, அதனால் பதில் வரும் வரை காத்திராமல் அவ சொல்வதை எல்லாம் போனில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன். நேற்று புதிதாக ஒன்று சொன்னா: அப்பப்பா இரவில் படகில் போய் விடியத்தான் வருவாராம், வலையை இழுத்துக் கட்டுகிற வேலையாம். மீன் வலை இல்லை என்கிறா. அது என்ன வலை?

கியூ வாசகன்:

துறைமுக வாயில் தடுப்பு வலையாக இருக்கலாம். நீர்மூழ்கியும் டோர்பீடோவும் உள்ளே வராமல் பெரிய துறைமுகங்களின் வாயில் இரும்பு வலை போட்டு, கப்பல் வரும்போது திறந்து மூடுவார்கள். அந்த வேலைக்குத் தனிப் பிரிவே இருந்தது. விண்ணப்பத்தில் 'வலைத் தடுப்புப் படகு, திருகோணமலை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாமியிடம் படகின் பெயர், கூட வேலை செய்தவர் பெயர், எந்த இறங்குதுறை என்று மூன்றையும் கேளுங்கள். நான் அடுத்த முறை கியூவுக்குப் போகும்போது துறைமுகத் தடுப்புக் கோவைகளில் திருகோணமலை இருக்கிறதா என்று பார்த்து இங்கேயே போடுகிறேன். சீனக்குடா விமானத் தளத்தில் யாராவது இருந்தவர்கள் என்றால் அவர்களும் சொல்லுங்கள், பிரித்தானிய விமானப்படை நிலையங்களின் நாட்குறிப்புகள் 'ஏ.ஐ.ஆர். 28' (AIR 28) வரிசை, அதையும் அதே நாளில் எடுப்பேன்.